பதினைந்து நாளில் ஒரு தொழிலா?

கடந்த மாதம் ஒரு மரண வீட்டுக்காக அட்டனுக்குப் போயிருந்தேன். பஸ்ஸை விட்டு இறங்கியதும் முதலில் கண்ணில் பட்டது மதிலில் ஒட்டப்பட்டிருந்த ஒரு சுவரொட்டி. 'பதினைந்தே நாட்களில் நகக்கலை நிபுணர் ஆகலாம். சான்றிதழ் உண்டு. வெளிநாட்டு வேலைவாய்ப்பு உண்டு' என்று எழுதி, அதன் கீழே நீண்ட சிவப்பு நகங்களோடு ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் கையைப் போட்டிருந்தார்கள். மழையில் நனைந்து அதன் ஒரு மூலை கிழிந்து தொங்கியது.

இத்தகைய சுவரொட்டிகளை மலையகத்தில் நான் நாற்பது ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். நான் பத்திரிகைத் தொழிலுக்கு வந்த புதிதில் தட்டச்சும் சுருக்கெழுத்தும் இருந்தன. பின்னர் கணினி வந்தது. மூன்று மாதத்தில் ஆங்கிலம் பேசலாம் என்றார்கள். கொரிய மொழிப் பரீட்சை வந்தபோது அதற்கும் வகுப்புகள் முளைத்தன. இவற்றுள் நேர்மையாக நடத்தப்பட்டவையும் உண்டு. அவற்றால் வாழ்வு பெற்றவர்களை நான் அறிவேன். ஆனால், தோட்டத்துப் பிள்ளைகளின் அவசரத்தைக் காசாக்கிய வகுப்புகளே அதிகம். இப்போது முறை நகத்துக்கு வந்திருக்கிறது. தொழிலின் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. எனது சண்டையெல்லாம் அந்தப் 'பதினைந்தே நாட்கள்' என்ற இரண்டு சொற்களோடுதான்.

இதைப் பற்றி எழுதுவதற்குச் சொந்தக் காரணம் ஒன்றும் உண்டு. எனக்குத் தம்பி முறையான ஒருவரின் மகள் கடந்த ஆண்டு இப்படியான ஒரு வகுப்பில் சேர்ந்தாள். உயர்தரத்தில் கலைப்பிரிவில் சித்தியடைந்தும் பல்கலைக்கழகத்துக்குப் போதுமான வெட்டுப்புள்ளி கிடைக்காத பிள்ளை. அவளுடைய அம்மா சீட்டுப் பிடித்துச் சேர்த்த நாற்பதாயிரம் ரூபாவைக் கட்டணமாகக் கொடுத்தார். 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. அந்தக் கணக்கில் பார்த்தால், அது ஏறக்குறைய முப்பது நாட்கள் மலையேறிக் கொழுந்து பறித்த காசு. வகுப்பு நாளொன்றுக்கு மூன்று மணி நேரம். மொத்தம் நாற்பத்தைந்து மணித்தியாலம். முடிவில் தங்க நிற ஓரமிட்ட, ஆங்கிலத்தில் அச்சிட்ட ஒரு சான்றிதழ். என்னிடம் கொண்டு வந்து காட்டினாள். திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எந்த அரச நிறுவனத்தின் பதிவிலக்கமும் அதில் இல்லை. பிள்ளையின் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல மனம் வரவில்லை. 'நல்லது மகள்' என்று மட்டும் சொன்னேன். பத்திரிகைக்காரனாக அன்று நான் செய்தது தவறு.

அந்தச் சான்றிதழோடு கொழும்பில் ஓர் அழகு நிலையத்தில் சேர்ந்தாள். முதல் இரண்டு மாதங்கள் சம்பளம் இல்லை, பழகுகிற காலமாம். தரை கூட்டினாள், துவாய் துவைத்தாள். மூன்றாவது மாதத்தில் கைநகம் செய்ய விட்டார்கள். நகத்தின் அடியில் வெண்மையாகப் படிந்திருக்கும் மெல்லிய தோலை ஒரு வாடிக்கையாளருக்கு ஆழமாக வெட்டிவிட்டாள். நான்கு நாட்களில் அந்த அம்மையாரின் விரல் வீங்கிச் சீழ் வைத்துவிட்டது. வைத்தியச் செலவு இவளுடைய கணக்கில் எழுதப்பட்டது; பிறகு வேலையும் போயிற்று. வீட்டுக்குத் திரும்பி வந்து என்னிடம் தொலைபேசியில் அழுதபோது அவள் சொன்னது இதுதான்: "பெரியப்பா, அந்தத் தோல வெட்டக் கூடாதுன்னு எங்களுக்கு ஒருத்தரும் சொல்லித் தரல."

அந்தத் தோல் சும்மா இருக்கும் தோல் அல்ல. நகத்தட்டுக்கும் சதைக்கும் இடையில் நீரும் கிருமியும் இறங்காமல் இயற்கை வைத்த முத்திரை அது. அதை வெட்டித் திறந்தால் வருவதைத்தான் நமது ஊர்களில் நகச்சுற்று என்கிறோம். எலுமிச்சம்பழத்தில் துளையிட்டு விரலைச் செருகி வைத்திருப்பார்களே, அதுதான். பயிற்சி பெற்ற கலைஞர் அதை இளக்கி மெதுவாகப் பின்னால் தள்ளுவாரே தவிர, உயிருள்ள தோலில் கத்தரியை வைக்கமாட்டார். இந்த ஒரு விடயத்தை விளங்கிக் கொள்ளவே நகத்தின் உடற்கூறு தெரிய வேண்டும். கைவிரல் நகம் மாதத்துக்கு ஏறக்குறைய மூன்று மில்லிமீற்றர் வளர்கிறது. வேரில் இருந்து நுனிக்கு வர ஆறு மாதங்கள் ஆகும். கால் பெருவிரல் நகத்துக்கு ஓராண்டுக்கும் மேல் செல்லும். மின்சார அரத்தை அழுத்திப் பிடித்து நகத்தைத் தேய்த்து மெலிய வைத்தால், அந்தத் தவறு அரை ஆண்டுக்கு வாடிக்கையாளரின் விரலிலேயே இருக்கும் என்பது இதன் பொருள். பிழையாக வெட்டிய முடியைத் தொப்பியால் மறைக்கலாம்.

பார்த்தவுடன் 'இதற்கு நான் கை வைக்கக் கூடாது' என்று சொல்லத் தெரிவதும் இத்தொழிலின் ஒரு பகுதி. மஞ்சளித்துத் தடித்துப் பொடியும் நகம் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். ஒட்டு நகம் கிளம்பிய இடைவெளியில் ஈரம் தங்கிப் பச்சை நிறம் படர்ந்தால் அது பக்டீரியாவின் வேலை. அதன்மேல் இன்னொரு பூச்சுப் பூசி மறைப்பது மோசடி. நீரிழிவு உள்ளவரின் காலில் ஒரு சிறு கீறல்கூடப் பெரிய புண்ணாக முடியலாம். நகத்தின் நீளவாக்கில் ஓடும் கரிய கோடு நமது நிறத்தவரில் பெரும்பாலும் தீங்கற்றது. ஆனால், ஒரே விரலில் புதிதாகத் தோன்றி அகலமாகிக் கொண்டு போனால் வைத்தியரிடம் அனுப்ப வேண்டும். பாடகர் பொப் மார்லியின் உயிரைக் குடித்த புற்றுநோய் அவரது கால் பெருவிரல் நகத்தின் அடியில்தான் தொடங்கியது. நோயைக் கண்டுபிடிப்பது நகக்கலைஞரின் வேலை அல்ல. நோயாக இருக்கலாம் என்று சந்தேகிக்கத் தெரிவது அவரது வேலை.

கருவிகளின் சுத்தம் பற்றியும் சொல்ல வேண்டும். உலோகக் கருவிகளை முதலில் சவர்க்காரமிட்டுக் கழுவி, பின்னர் கிருமிநீக்கித் திரவத்தில் உரிய நேரம் ஊற வைக்க வேண்டும். இயன்றால் 121 பாகை செல்சியஸில் நீராவி அழுத்தக் கலனில் வைக்க வேண்டும். அட்டை அரம் ஒருவருக்கு ஒன்று. பல நிலையங்களில் நீல வெளிச்சம் எரியும் ஒரு பெட்டிக்குள் கருவிகளைப் போட்டு எடுத்துவிட்டு 'ஸ்டெரிலைஸ் பண்ணியாச்சு' என்கிறார்கள். வெளிச்சம் படாத மடிப்பில் கிருமி அப்படியே இருக்கும்.

அடுத்தது இரசாயனம். 1950களில் அமெரிக்காவில் ஒரு பல் வைத்தியர், உடைந்து போன தன் நகத்தைப் பல் கட்டும் அக்ரிலிக்கால் சரிசெய்ததில் இருந்துதான் செயற்கை நகம் பிறந்தது என்று அத்துறையினர் சொல்வார்கள். மலிவான மெதைல் மெதாக்ரிலேட் திரவத்தால் நகமும் தோலும் கெடுகின்றன என்ற முறைப்பாடுகள் வந்ததால், அத்தகைய பொருட்களுக்கு எதிராக அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 1970களிலேயே நடவடிக்கை எடுத்தது. இன்று பிரபலமான ஜெல் பூச்சு, விளக்கின் கீழ் இறுக வேண்டியது. விளக்கின் திறன் போதாமலோ பூச்சுத் தடித்தோ போனால் உள்ளே இறுகாமல் கிடக்கும் இரசாயனம் தோலில் பட்டு ஒவ்வாமையை உண்டாக்கும். ஒருமுறை வந்தால் அது ஆயுளுக்கும் நீடிக்கக்கூடியது. பின்னாளில் பல் அடைப்பதற்கும் எலும்பு மூட்டு மாற்றுவதற்கும் பயன்படும் அதே குடும்பப் பொருட்கள் அவருக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம் என்று தோல்நோய் வைத்தியர்கள் எச்சரிக்கிறார்கள். வாடிக்கையாளருக்கு மாதம் ஒருமுறை. அதைக் கையாளும் பெண்ணுக்கோ நாளுக்குப் பத்து முறை. ஜெல்லை இறுகச் செய்யும் டி.பி.ஓ. எனப்படும் பொருளை ஐரோப்பிய ஒன்றியம் 2025 செப்டெம்பர் முதலாந் திகதியில் இருந்து அழகுசாதனப் பொருட்களில் தடை செய்துவிட்டது. அங்கே விற்க முடியாத போத்தல்கள் மலிவு விலையில் நமது கடைகளுக்கு வந்து சேராது என்று யார் உறுதி தருவார்கள்? போத்தலின் பின்புறம் எழுதியிருப்பதை வாசிக்கப் பழக்குவதும் பயிற்சிதான். பதினைந்து நாள் வகுப்பில் போத்தலின் முன்புறத்தை மட்டும்தான் காட்டுகிறார்கள்.

இத்தனையும் வேண்டுமா, நகச்சாயம் பூசுகிற வேலைக்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு வரலாற்றைச் சொல்கிறேன். 1975 இல் சைகோன் வீழ்ந்தபின் அமெரிக்காவுக்கு வந்த வியட்நாமிய அகதிகளில் ஒரு பகுதியினர் கலிபோர்னியாவின் சக்ரமெண்டோ நகருக்கு அருகே ஒரு முகாமில் தங்கவைக்கப்பட்டனர். ஹிட்ச்கொக்கின் 'பறவைகள்' படத்தில் நடித்த டிப்பி ஹெட்ரன் அங்கே தொண்டாற்றினார். அப்பெண்கள் தன் நகங்களை வியந்து பார்ப்பதைக் கவனித்த அவர், தனது நகக்கலைஞரை அழைத்து வந்து அவர்களுக்குக் கற்பிக்கச் செய்தார். முதலில் கற்றவர்கள் இருபது பெண்கள். இன்று அமெரிக்க நகக்கலைத் தொழிலில் ஏறக்குறைய பாதிப்பேர் வியட்நாமிய வம்சாவளியினர் என்று கணக்கிடப்படுகிறது. நாடற்ற ஒரு கூட்டத்துக்கு ஒரு தொழில் முதுகெலும்பாயிற்று. நாடற்றவர் என்ற சொல்லின் கசப்பை 1948 இன் பிரஜாவுரிமைச் சட்டத்துக்குப் பிறகு மலையகத் தமிழருக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

இந்தக் கதையை நமது சுவரொட்டிக்காரர்களும் சொல்வார்கள். அவர்கள் சொல்லாமல் விடும் பகுதி ஒன்று உண்டு. ஹெட்ரன் அப்பெண்களைக் கொஞ்சம் பழக்கிவிட்டு அனுப்பவில்லை. முறையான அழகுக்கலைப் பாடசாலையில் படிக்க ஏற்பாடு செய்து, அரச அனுமதிப்பத்திரம் பெறச் செய்து, அதன் பிறகே வேலை தேடிக் கொடுத்தார். கலிபோர்னியாவில் இன்று நகக்கலைஞராக வேலை செய்ய 400 மணித்தியாலப் பயிற்சியும் மாநிலத் தேர்வும் வேண்டும். அந்தத் தேர்வை வியட்நாமிய மொழியிலேயே எழுதலாம். என் மகள் முறையானவள் பெற்றது நாற்பத்தைந்து மணித்தியாலம்.

அனுமதிப்பத்திரமும் மொழியும் இல்லாதவர்களுக்கு நேர்ந்ததற்கும் பதிவு உண்டு. 2015 மே மாதத்தில் நியூயோர்க் ரைம்ஸ் பத்திரிகை அந்நகரத்து நக நிலையங்களைப் பற்றி ஒரு தொடர் வெளியிட்டது. புதிதாக வரும் பெண்கள் உரிமையாளருக்குத் தாங்களே பணம் கட்டி வேலைக்குச் சேர்வதும், வாரக்கணக்கில் சம்பளமின்றிப் பழகுவதும், இரசாயனத்தால் நோயுறுவதும் அதில் எழுதப்பட்டன. சில நாட்களிலேயே மாநில ஆளுநர் அவசர நடவடிக்கை அறிவித்தார். அத்தொடர் சில இடங்களில் அளவுக்கு மீறிப் பொதுமைப்படுத்தியது என்ற விமர்சனமும் எழுந்தது. அப்பத்திரிகையின் வாசகர் சார்பாசிரியரே அதை ஏற்று எழுதினார். தன் செய்தியைத் தானே கேள்வி கேட்கும் அந்தப் பழக்கத்தை நமது பத்திரிகைகளில் காணக் கிடைக்கவில்லையே என்ற ஏக்கம் எனக்கு உண்டு. அது வேறு கதை. ஆனால் கட்டணம் கட்டி வேலை, சம்பளமில்லாப் பழகுகாலம் என்ற இரண்டையும் அங்கே வாசித்தபோது தூரதேசச் செய்தியாக இருந்தவை, கடந்த ஆண்டு எங்கள் வீட்டுக் கதையாக வந்து நின்றன.

நமது பக்கத்துத் தடைகளையும் மறைக்க விரும்பவில்லை. இவள் இந்தத் தொழிலுக்குப் போகிறாள் என்றதும் அப்பாயி கேட்டது, "ஊரான் கால் நகத்தச் சொரண்டவா ஒன்ன இத்தன வருசம் பள்ளிக்கூடம் அனுப்புனோம்?" அந்தக் கேள்விக்குள் இருப்பது சாதி. தோட்டங்களில் முடி வெட்டியவரும் துணி வெளுத்தவரும் இஸ்தோப்பைத் தாண்டி வீட்டுக்குள் வராத காலத்தை நான் சிறுவனாக இருந்து பார்த்திருக்கிறேன். நகம் களைவதும் அவர்கள் கையில் இருந்த வேலைதான். ஊரே அவர்களிடம் விரலை நீட்டியது. ஆனால் அவர்களோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை. அதே வேலை கண்ணாடிக் கதவுக்குப் பின்னால், குளிரூட்டிய அறையில், ஆங்கிலப் பெயரோடு வந்ததும் கட்டணம் கட்டிக் கற்க வரிசையில் நிற்கிறோம். இதில் தவறில்லை, வரவேற்கிறேன். அந்த வேலை அன்றும் இழிவாக இருக்கவில்லை என்பதையும் சேர்த்து ஒப்புக்கொண்டால் இன்னும் நன்றாக இருக்கும்.

ஆனால் நான் அஞ்சுவது இழிவுக்கு அல்ல. ஒரு கைத்திறனுக்குப் பெயரும் படிநிலையும் இல்லாவிட்டால் அதற்குக் கூலியும் இருக்காது என்பதை இந்த மலைகளில் நூற்றைம்பது ஆண்டுகளாகக் கண்டுவிட்டோம். 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்டதில் இருந்து இன்றுவரை கொழுந்து பறிப்பவை பெரும்பாலும் பெண்களின் விரல்கள். இரண்டு இலையும் ஒரு மொட்டும் எது, விடவேண்டிய இலை எது, பங்கி எது என்பதைக் கண் பார்க்கும் முன்னரே அந்த விரல்கள் அறியும். கொழும்பில் தேயிலையைச் சுவைத்துத் தரம் சொல்பவர் ஆண்டுக்கணக்கில் பயிலுநராக இருந்து பெயர் பெறுகிறார். அவருக்கு மரியாதை உண்டு, சம்பளப் படிநிலை உண்டு. கொழுந்து பறிப்பவருக்கோ இருபது ஆண்டு அனுபவத்துக்கும் நேற்றுச் சேர்ந்த பிள்ளைக்கும் ஒரே நாட்சம்பளம். பெண்களுக்கு ஆண்களுக்குச் சமமான சம்பளம் கிடைத்ததே 1984 இல்தான். திறமை விரலில் இருந்தது, காகிதத்தில் ஏறவில்லை. பேத்திமார் கொழுந்துக்கூடையை விட்டு வேறு தொழிலுக்குப் போகும்போது, அங்கேயும் காகிதம் இல்லாத விரல்களாகவே போய்ச் சேர வேண்டுமா?

காகிதத்துக்கு இலங்கையில் வழி இல்லாமல் இல்லை. தேசிய தொழில் தகைமைச் சட்டகத்தில் ஏழு மட்டங்கள் உள்ளன. முதல் நான்கு சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழாவது பட்டத்துக்குச் சமம். அழகுக்கலைஞருக்கும் சிகை அலங்காரத்துக்கும் அதில் தேர்ச்சி நியமங்கள் உண்டு; கை, கால் நகப் பராமரிப்பு அழகுக்கலைக்குள் வருகிறது. தொழிற்பயிற்சி அதிகாரசபை போன்ற அரச அமைப்புகள் இப்பாடநெறிகளை நடத்துகின்றன. தனியார் நிறுவனமானால், 1990 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த மூன்றாம் நிலை, தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு செய்திருக்க வேண்டும். இங்கே பெற்றோர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. நிறுவனம் பதிவு பெற்றிருப்பது வேறு. அந்தக் குறிப்பிட்ட பாடநெறி தகைமை மட்டத்துக்கு அங்கீகாரம் பெற்றிருப்பது வேறு. முதலாவதைக் காட்டிவிட்டு இரண்டாவதைப் பற்றிப் பேசாமல் விடுவார்கள். காசு கட்டுவதற்கு முன் இரண்டையும் தனித்தனியே கேளுங்கள். ஏற்கெனவே நிலையங்களில் வேலை செய்து பழகியவர்கள் மீண்டும் வகுப்பில் உட்காரத் தேவையில்லாமல், முன்பெற்ற கற்றலை மதிப்பிட்டுச் சான்றிதழ் வழங்கும் முறையும் இருக்கிறது. கொழும்பு அழகு நிலையங்களில் ஐந்து, பத்து ஆண்டுகளாக உழைக்கும் நமது பெண்களில் இதை அறிந்த ஒருவரையும் நான் இதுவரை சந்திக்கவில்லை.

அட்டனில் தொண்டமான் தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது. அதன் பெயர்ப்பலகையில் யாருடைய பெயர் இருக்க வேண்டும் என்பதற்காக நமது அரசியல் தலைவர்கள் ஒரு காலத்தில் சண்டையிட்டதும் நினைவில் இருக்கிறது. அந்தச் சண்டையில் கால்வாசியை, எந்தெந்தப் பாடநெறி தமிழில் நடக்கிறது, மதிப்பீட்டுக்கு வருபவருக்குத் தமிழ் தெரியுமா என்ற கேள்விகளில் செலவழித்திருக்கலாம். செய்முறையில் கெட்டியான பிள்ளை, சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ கேட்கப்படும் வாய்மொழிக் கேள்விக்கு விழித்தால் அது அவளுடைய திறமைக் குறைவு அல்ல. கலிபோர்னியா வியட்நாமியருக்குச் செய்ததை, தமிழை ஆட்சிமொழியாக ஏற்ற நாடு நுவரெலியா மாவட்டத்தில் செய்வது பெரிய காரியமா?

தம்பி மகள் இப்போது அங்கீகாரம் பெற்ற ஓர் ஆறுமாதப் பாடநெறியில் சேர்ந்திருக்கிறாள். மரண வீட்டில் இருந்து திரும்பும் வழியில் அவர்கள் லயத்துக்குப் போனேன். பழகுவதற்குக் கை வேண்டும். 'அழகான கைகளில் பழகாதே, கஷ்டமான கைகளில் பழகு' என்று ஆசிரியை சொன்னாராம். அவளுக்குக் கிடைத்தது அம்மாவின் கை. தேயிலைக் கறை ஏறிக் கறுத்த நகக்கண்கள், வலது கட்டைவிரல் நகத்தில் நீளமாக ஒரு பிளவு. கழுவினாள், ஊற வைத்தாள், ஒரே திசையில் அராவினாள், தோலைத் தொடாமல் எண்ணெய் தேய்த்தாள். முக்கால் மணி நேரம் நிமிரவே இல்லை. தீபாவளிக்கு மருதாணி வைத்ததைத் தவிர வேறெதையும் கண்டறியாத அந்த அம்மா, சாயம் மட்டும் வேண்டாம் என்று கையை இழுத்துக்கொண்டார். "நாளைக்கு மலைக்குப் போவணும்டி."

பயிற்சி நாட்குறிப்பை எடுத்து அவள் எழுதியதை எட்டிப் பார்த்தேன். திகதி. வாடிக்கையாளர்: பெண், வயது 47, தொழில் கொழுந்து பறித்தல். வலது பெருவிரல் நகத்தில் பிளவு. ஜெல் இடவில்லை. காரணம்: பிளவு வழியாக ஈரம் இறங்கக்கூடும், மூன்று வாரத்தின் பின் மீண்டும் பார்க்க வேண்டும்.